கண்ணழுத்த நோயும் சுரப்பிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என் வீட்டிற்கே வந்து, "உங்கள் குடும்பத்தில் நேர்ந்ததை நீங்களே எடுத்துரைக்க வேண்டும், பிறர் சொன்னால் அது செய்தியாகிவிடும்" என்றார். மறுக்க இயலவில்லை. நான் மருத்துவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தர் வேலை பார்ப்பவன். மருத்துவர்களை நச்சரித்துக் கேட்டறிந்ததையும், கிடைத்த நூல்களில் படித்துத் தெளிந்ததையும், என் வீட்டில் பட்டறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். பிழை இருப்பின் அது என் அறிவின் குறையே அன்றி, எனக்குச் சொல்லித் தந்தவர்களின் குறை அன்று.

முதலில் நோயின் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மேலை மருத்துவத்தில் கிளாக்கோமா எனப்படுவதைத் தமிழில் கண்ணழுத்த நோய் என்கிறோம். நம் அண்டை வீட்டார் இதனைக் 'காலா மோதியா' என்பர். மோதியா என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மில் பலர் கண்புரை என்றே எண்ணிவிடுகின்றனர். கண்புரை 'ஸஃபேத் மோதியா'. அதில் மங்குவது கண்ணினுள் இருக்கும் ஆடி. மங்கிய ஆடியை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினால் பார்வை மீண்டுவிடும். காலா மோதியாவில் கெடுவது ஆடி அன்று. கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு. அந்நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய இழைகள் உள்ளன. பட்டுப்போன இழை மீண்டும் தளிர்ப்பதில்லை. "முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று புரைக்குக் காத்திருப்பதுபோல் இதற்கும் காத்திருந்தவர்கள் உண்டு. அக்காத்திருப்பின் விலையை அவர்கள் பார்வையாகக் கொடுத்தார்கள்.

கண்ணினுள் ஒரு தெளிந்த நீர் இடையறாது ஊறிக்கொண்டிருக்கிறது. இஃது அழும்போது வழிகின்ற கண்ணீர் அன்று. உள்ளேயே ஊறி, கண்மணித் துளையின் வழியே முன்னறைக்கு வந்து, கருவிழியின் விளிம்பிலுள்ள சல்லடை போன்ற திசுவின் வழியே வடிந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்திற்குள் முன்னறை நீர் ஏறத்தாழ முழுவதும் புதிதாகிவிடும் என்கிறார்கள். வரத்தும் வடிகாலும் ஒத்திருக்கும் வரை கண்ணின் அழுத்தம் பெரும்பாலோர்க்கு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவிற்குள் நிற்கும். ஏரிக்கு நீர்வரத்து குறையாதிருக்க மதகு மட்டும் அடைபட்டால் கரையின் நலிந்த இடத்தில்தான் முதலில் உடைப்பு காணும். கண்ணில் அந்த நலிந்த இடம், பின்புறத்தில் நரம்பு வெளியேறும் வாயில். அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் நரம்பு நலிவோர் சிலர் உண்டு. ஆகையால் அழுத்தம் அளப்பதோடு நரம்பையும் பார்த்தாக வேண்டும் என்பது மருத்துவர் கூற்று.

இனி என் வீட்டுச் செய்திக்கு வருகிறேன்.

என் இளைய மகனுக்கு 2018இல் எட்டு வயது. ஹோலி கழிந்து, நர்மதைக் கரையை அடுத்த இவ்வூரில் அனல் காற்றும் புழுதியும் எழத் தொடங்கியதும் அவனுடைய இரு கண்களும் சிவந்து அரிப்பெடுத்தன. கண்ணைக் கசக்கிக் கசக்கி இமைகள் தடித்துப் போயின. மருத்துவரிடம் காட்டினோம். ஒவ்வாமை என்றார், ஒரு சொட்டு மருந்து எழுதித் தந்து, பத்து நாள் விட்டுவிட்டு மீண்டும் வரச் சொன்னார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. எங்களுக்கு அது தேவாமிர்தமாகத் தோன்றியது. மீண்டும் வரச் சொன்னதை நான் மறந்தேன். மறந்தேன் என்பதுகூட முழு உண்மை அன்று. நலமாகிவிட்டதே, ஒருநாள் விடுப்பை ஏன் வீணாக்க வேண்டும் என்று எண்ணினேன்.

சில வாரங்களில் அரிப்பு திரும்பியது. பழைய காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் அதையே எடுத்துக் கொடுத்தார். இவ்வாறு அவ்வாண்டும், 2019ஆம் ஆண்டும் கழிந்தன. 2020இல் ஹோலி முடிந்த சில நாட்களிலேயே ஊரடங்கு வந்தது. மருத்துவரைப் பார்க்கும் எண்ணமே எழவில்லை. மருந்துக் கடைகள் மட்டும் திறந்திருந்தன. அவ்வாண்டு கோடை முழுவதும் அம்மருந்தை நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை விட்டோம்.

மூட்டையின்மேல் ஒட்டிய சீட்டை ஓரெழுத்து விடாமல் படித்து ஏட்டில் ஏற்றுவது என் பிழைப்பு. என் மகன் கண்ணில் விட்ட மருந்தின் சீட்டை மட்டும் இரண்டரை ஆண்டுகள் நான் படிக்கவில்லை.

அவ்வாண்டுக் கடைசியில் என் மனைவிதான் முதலில் கவனித்தாள். உணவருந்தும்போது இடப்பக்கம் வைத்த தண்ணீர்க் குவளையை அவன் அடிக்கடி கைதட்டிக் கவிழ்த்தான். கவனக்குறைவு என்று நான் கடிந்துகொண்டேன். வாசலில் விளையாடும்போதும் இடப்புறமிருந்து வரும் பந்து அவனுக்குத் தெரியவில்லை. 2021 தொடக்கத்தில் ஊருக்குச் சென்றபோது, அங்கே ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வலக்கண்ணில் அழுத்தம் 30, இடக்கண்ணில் 38.

அங்கிருந்த அம்மையார், வயதில் என்னைவிட இளைய மருத்துவர், "ஐயா, குழந்தைக்கு என்ன மருந்து விட்டு வந்தீர்கள்?" என்று கேட்டார். என் மனைவி கைப்பையிலிருந்து அப்புட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது ஸ்டீராய்டு, ஐயா. நம் உடம்பிலேயே ஊறும் ஒரு ஹார்மோனின் உறவு. வேண்டிய நாளுக்கு வேண்டிய அளவு விட்டால் கண்ணைக் காக்கும். அளவின்றி விட்டால் கண்ணின் வடிகாலை அடைத்துவிடும்" என்றார். ஏசியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் ஏசவில்லை.

அன்று அவர் சொன்ன அந்த 'உறவு' என்ற சொல்லே என்னை இப்பொருளைத் தேடிப் படிக்கத் தூண்டியது. நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று சில உள்ளன. அவை தம் நீரைக் குழாய் வழியே அனுப்பாமல் நேரே இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அந்நீர்களையே ஹார்மோன் என்கிறோம். சிறுநீரகங்களின் தலைமேல் குல்லாய் போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இவ்வினத்தைச் சேர்ந்த கார்ட்டிசோன் என்ற பொருளை 1948இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஹென்ச் என்னும் மருத்துவர் ஒரு மூட்டுவாத நோயாளிக்கு ஊசி மூலம் செலுத்தினார். நடக்க மாட்டாதிருந்தவர் சில நாட்களில் நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. உலகம் வியந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், இம்மருந்தைப் பெற்ற சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறுவதைக் கண் மருத்துவர்கள் கண்டனர்.

1960களின் தொடக்கத்தில் பெக்கர், அர்மாலி என்னும் இரு அறிஞர்கள் அமெரிக்காவில் தனித்தனியே இதனை முறையாக ஆராய்ந்தனர். இச்சொட்டு மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து விட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு அழுத்தம் ஓரளவு உயர்ந்தது. நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் மிகவும் உயர்ந்தது. எஞ்சியோர்க்குக் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் நேராத மருந்து நம் வீட்டுப் பிள்ளையின் கண்ணைக் கெடுப்பதற்குக் காரணம் இதுதான். முன்னரே கண்ணழுத்த நோய் உள்ளவர்கள், அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், நீரிழிவு உள்ளவர்கள், கிட்டப்பார்வை மிகுதியாக உள்ளவர்கள் ஆகியோர்க்கு இந்த இடர் கூடுதல். குழந்தைகளுக்கு அழுத்தம் விரைந்தும் மிகுந்தும் ஏறக்கூடும். ஏன் ஏறுகிறது? நான் முன்பு சொன்ன சல்லடைத் திசுவில் ஸ்டீராய்டினால் மாறுதல் நேர்ந்து, நுண்பொருள்கள் படிந்து, நீர் வடிவதற்குத் தடை மிகுகிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் அழுத்தம் இறங்கிவிடும். ஆனால் அதற்குள் பட்ட நரம்பு பட்டதுதான்.

வெளியிலிருந்து விட்ட சொட்டு இவ்வளவு செய்யுமானால், உடம்பினுள்ளேயே அச்சுரப்பு மிகுந்தால் என்னாகும் என்ற கேள்வி உங்களுக்கும் எழும். எனக்கும் எழுந்தது. கார்ட்டிசால் மிகையாகச் சுரக்கும் நோய்க்குக் குஷிங் நோய்க்குறி என்று பெயர். அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932இல் அதனை விரிவாக எழுதினார். முகம் முழுமதிபோல் உருண்டு, பிடரியில் கொழுப்புத் திரண்டு, கைகால் மெலிந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். இந்நோயாளிகளில் சிலருக்குக் கண்ணழுத்தமும் உயர்கிறது. சுரப்பின் மிகுதியை அடக்கினால் கண்ணழுத்தமும் தணிவதைக் கண்டிருக்கிறார்கள். அரிய நோய்தான். எனினும் சுரப்பிக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இது நேரான சான்று.

அரிதல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: தைராய்டு. இங்கே வீற்றிருக்கும் தாய்மார்களில் அதற்கு மாத்திரை உண்போர் பலர் இருப்பீர்கள். இதில் இருவகைக் கோளாறு உண்டு. சுரப்பு மிகுவது ஒன்று, குறைவது மற்றொன்று. மிகும் வகையில் கிரேவ்ஸ் நோய் என்பது தலையாயது. டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் இதனை விளக்கினார். இந்நோயில் கண்ணுக்குப் பின்னாலுள்ள தசைகளும் கொழுப்பும் வீங்கக்கூடும். எலும்புக்குழியில் இடம் போதாமல் கண் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. கண்ணிலிருந்து இரத்தம் திரும்பிச் செல்லும் நாளங்கள் நெருக்குண்பதால் நீர் வடிவது தடைப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. மேல்நோக்கிப் பார்க்கும்போது, விறைத்த கீழ்த்தசை விழியை அழுத்துவதால் இன்னும் ஏறுகிறது.

என் மூத்த சகோதரியாருக்கு இந்நோய் இருந்ததை என் மகனுடைய நோய்தான் வெளிக்கொணர்ந்தது. குடும்பத்தார் அனைவரும் கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது என்று மருத்துவர் கூறியதால் அக்காளும் வந்தார். சில மாதங்களாக உடல் இளைத்து, படபடப்பாக இருந்தார், கண்கள் பெரிதாகியிருந்தன. உறவினர்களோ, "முகத்தில் தனிக்களை வந்துவிட்டது" என்று புகழ்ந்துகொண்டிருந்தனர்! நம் மக்களுக்கு அகன்ற விழி என்றால் அழகுதான். அதில் நோயைக் காண மனம் வருவதில்லை. அக்காளுக்கு நேரே பார்க்கும்போது அழுத்தம் 19. மேல்நோக்கிப் பார்க்கும்போது 26. கழுத்துச் சுரப்பிக்கும் கண்ணுக்கும் இரு மருத்துவர்கள் சேர்ந்து சிகிச்சை செய்கின்றனர். புகையிலைப் புகை இக்கண்நோயை மிகைப்படுத்தும் என்று மருத்துவர் சொன்னதும், அத்தான் வீட்டினுள் பீடி பிடிப்பதை அன்றே விட்டார். முப்பது ஆண்டுகளாக யார் சொல்லியும் கேளாதவர் அவர்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் கண்ணழுத்த நோய் வருமா? இதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. சில ஆய்வுகள் தொடர்பு உண்டு என்கின்றன. சில இல்லை என்கின்றன. சுரப்பு குறையும்போது பசை போன்ற பொருள் உடலின் பல திசுக்களில் தேங்குகிறது. கண்ணின் சல்லடையிலும் தேங்கலாம் என்பது தொடர்பு உண்டு என்போரின் கருத்து. வழக்கு முடியட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தைராய்டு மாத்திரையை ஒழுங்காக உண்டு, நாற்பது வயது கடந்ததும் கண்ணையும் காட்டிவிட்டால் தீர்ப்பு எவ்வாறாயினும் நமக்கு இழப்பில்லை.

நீரிழிவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சென்ற சில ஆண்டுகளாக அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு நீங்கள் சலித்திருப்பீர்கள். இன்சுலின் என்பதும் ஒரு ஹார்மோனே. சர்க்கரை நெடுங்காலம் கட்டுக்கடங்காதிருந்தால் விழித்திரையின் இரத்தக் குழாய்கள் பழுதுற்று, கருவிழித் திரையின்மேல் புதிய நுண்குழாய்கள் முளைத்து, வடிகால் கோணத்தையே மூடிவிடுகின்றன. இவ்வகைக் கண்ணழுத்த நோய் மிகக் கொடியது, கண் சிவந்து வலியெடுக்கும், அடக்குவதும் அரிது. 2023இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று. கருவுற்றிருக்கும் காலத்தில் கண்ணழுத்தம் சற்றே இறங்குகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்மைச் சுரப்பு குறைகிறது. ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வின் முடிவு 2001இல் வெளியாயிற்று. அதன்படி, நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண்ணழுத்த நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஒன்றனால்தான் மற்றது விளைந்தது என்று இதனைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆயினும், இளவயதிலேயே கருப்பை அறுவை செய்து, சினைப்பைகளையும் நீக்கிக்கொண்ட சகோதரிகள் கண் மருத்துவரிடம் அதைச் சொல்லிவைப்பது நன்று. கண் மருத்துவரிடம் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று கூசவேண்டா.

ரயில்வே அன்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். நமக்கு அவ்வப்போது பார்வைச் சோதனை நடக்கிறது. எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு, "என் கண் சரியாக இருக்கிறது" என்று திரும்பிவிடுகிறோம். கண்ணழுத்த நோய் பெரும்பாலும் ஓரப் பார்வையையே முதலில் தின்கிறது. நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். என் மகன் இடக்கண்ணால் பலகையின் அடிவரி வரை தடையின்றிப் படித்தான். அக்கண்ணின் பார்வைப் பரப்பில் ஏறக்குறைய பாதி அன்றே போய்விட்டிருந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் மக்களை நேரில் அழைத்துச் சோதித்த ஆய்வுகளில், நோய் உள்ளவர்களுள் பத்தில் ஒன்பது பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதிருந்தனர். ஆகவே கண் மருத்துவரிடம் செல்லும்போது, கண்ணாடி எண் போட்டுக்கொள்வதோடு நில்லாமல், "அழுத்தம் பாருங்கள், நரம்பையும் பாருங்கள்" என்று கேளுங்கள். ஐயமிருந்தால் பார்வைப் பரப்புச் சோதனையும் செய்வார்கள். கண்ணழுத்தம் பகலும் இரவும் ஒரே அளவில் நிற்பதில்லை. எனவே ஒருமுறை சரியாக இருந்தது என்று வாழ்நாள் முழுவதற்கும் சான்றிதழ் பெற்றதாக எண்ணலாகாது.

ஸ்டீராய்டு கண்சொட்டில் மட்டும் இல்லை. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்தில் உண்டு. மூக்கில் அடிக்கும் மருந்தில் உண்டு. தோலில் பூசும் களிம்புகள் பலவற்றில் உண்டு. முகம் வெளுக்க வேண்டுமென்று நம் பெண்பிள்ளைகள் பூசும் சில களிம்புகளிலும் உண்டு. இமையருகே நாளும் பூசினால் அதுவும் கண்ணைத் தொடும். இவற்றைக் கேட்டு அஞ்சி, இன்றிரவே வீட்டிலுள்ள மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். உடம்பின் சொந்தச் சுரப்பி அதற்குள் உறங்கிப்போயிருக்கும். அதனை மெல்லமெல்லத்தான் எழுப்ப வேண்டும். ஆஸ்துமாக்காரர் மருந்தை விட்டால் மூச்சுக்கே இடர். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரே சொல்ல வேண்டும். நாம் செய்யக்கூடியது, காலிப் புட்டியைக் காட்டி வாங்கும் வழக்கத்தை விடுவது. இம்மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். கடைக்காரர் கொடுத்தார் என்று நான் குறைகூறலாம். ஆனால் புட்டியை நீட்டிய கை என்னுடையது.

என் மகனைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். வலக்கண் பெரும்பாலும் தப்பிவிட்டது. அம்மருந்தை நிறுத்திய ஆறாவது வாரத்தில் அழுத்தம் 17க்கு இறங்கியது. இடக்கண்ணுக்கு வேறு வடிகால் அமைக்கும் அறுவை செய்தார்கள்; இருப்பதைக் காப்பாற்றுகிறார்கள். இன்றும் இரவில் ஒரு சொட்டு விட வேண்டும். அதுவும் ஹார்மோன் போல் செயற்படும் ஒரு பொருளின் இனம் என்றும், அஃது இந்நோய்க்கென 1996 முதல் வழக்கில் உள்ளது என்றும் படித்தபோது, மருந்தின் உலகம் எனக்கு விந்தையாகத் தோன்றியது. கண்ணரிப்புக்கு இப்போது ஸ்டீராய்டு இல்லாத மருந்தும், குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், வெளியே செல்லும்போது கண்ணாடியும். மேல்நிலை வகுப்பில் படிக்கிறான். அவனுக்குப் பேருந்து ஓட்டுநராக வேண்டும் என்று சிறுவயதில் ஓர் ஆசை இருந்தது. அதைப் பற்றி இப்போது அவனும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள மேசையில் நான் அமர்ந்திருப்பேன். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் முதலிய ஸ்டீராய்டுப் பெயர்களைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிய தாள்கள் அங்கே இருக்கும். வீட்டிற்கு ஒன்று எடுத்துச் செல்லலாம். நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டுக் கண்மருந்துகளையும் களிம்புகளையும் சங்கத்திற்குக் கொண்டுவந்தால், பெயர் அப்பட்டியலில் உள்ளதா என்று உடனிருந்து படித்துச் சொல்கிறேன். பிறகு அப்புட்டியோடு மருத்துவரிடம் செல்லுங்கள். எழுத்து மிகப் பொடியாக இருக்கும். என்னிடம் உருப்பெருக்கிக் கண்ணாடி உள்ளது.